காக்கிச் சட்டைக்கு நம் பிள்ளைகளும் தயாராகட்டும்
(கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்புப் பெற்றோர்களே, இளைஞர்களே!

பிள்ளை பத்தாவது முடித்ததும் நம் வீடுகளில் மூன்று வழிகளைத்தான் பேசுகிறோம்: கடை, வெளிநாடு, மேல்படிப்பு. காவல்துறை என்று யாரும் சொல்வதில்லை. “நமக்கு எங்கே கொடுக்கப்போகிறார்கள்” என்று கதவை நாமே சாத்திவிடுகிறோம். விண்ணப்பமே போடாத வீட்டுக்குப் பணி நியமன ஆணை எப்படி வரும்?

சென்னை மாநகரக் காவலானாலும் மதுரை மாநகரக் காவலானாலும் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தேர்வு ஒன்றுதான். அதைத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். உச்ச வரம்பு பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 28. நமக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. இவை அண்மை அறிவிப்புகளில் உள்ளவை; புதிய அறிவிப்பு வரும்போது அதை வரி விடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடை தமிழ். தமிழ்த் தகுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண். அதில் 32 எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் முதன்மைத் தேர்வின் விடைத்தாளைத் திருத்தமாட்டார்கள். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் ஆங்கில வழியில் படித்தவர்களும் இதைக் கவனத்தில் வையுங்கள். பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களைத் தினம் அரைமணி நேரம் எடுத்துப் படித்தால் பயம் போய்விடும். முதன்மைத் தேர்வுக்கு 70 மதிப்பெண். பொது அறிவில் 45 கேள்விகள், உளவியலில் 25 கேள்விகள்.

அடுத்தது மைதானம். ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., மார்பளவு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ.; 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். இதில் தேறியவர்களுக்கு உடற்திறன் போட்டிகள்; அவற்றுக்கு 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6 மதிப்பெண். ஆக மொத்தம் நூறு.

ஆண்கள் கயிறு ஏற வேண்டும். ஓடுவதற்குத் தெரு போதும். கயிறு எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? தேர்வு நாளன்றுதான் முதன்முதலாகக் கயிற்றைத் தொடும் பிள்ளைக்கு உள்ளங்கை வழுக்கும், பாதம் பிடிக்காது. அறிவிப்பு வந்த பிறகு பயிற்சி தொடங்கினால் காலம் போதாது.

மூன்றாவது, காகிதங்கள். பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, ஆதாரில் ‘முஹம்மத்’, சாதிச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். சான்றிதழ் சரிபார்ப்பில் இப்படி மாறி மாறி நிற்கும் பெயர் பெரும் அலைச்சலைத் தரும். இப்போதே ஒரே மாதிரி திருத்திவையுங்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், ஷேக், சையத், தக்னி என்று எந்தப் பிரிவானாலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

நான்காவதை இளைஞர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தெருச் சண்டை, பைக் பந்தயம், அலைபேசியில் கண்டதைப் பரப்புவது எல்லாம் ஒரு முதல் தகவல் அறிக்கையில் போய் முடியலாம். சந்தேகத்தின் பலனால் விடுதலையானாலும், சாட்சி பிறழ்ந்து விடுதலையானாலும், காவலர் பணி விதி அதை வழக்கில் தொடர்பு உள்ளதாகவே கருதுகிறது. வழக்கு ஏதும் இருந்தால் விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால், மறைத்ததற்காகவே தேர்வு ரத்தாகலாம். பணம் கொடுத்தால் வேலை என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

“தாடி வைக்க விடுவார்களா?” என்று பலர் கேட்கிறார்கள். முஸ்லிம் காவலர்கள் பணியில் தாடி வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டின் மதராஸ் போலீஸ் கெஜட் இடம் தருகிறது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதைச் சுட்டிக்காட்டி, தாடிக்காக ஒரு காவலருக்குக் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. இதைக் காரணம் காட்டி யாரும் ஒதுங்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளை காவலரானால் நமக்குச் சலுகை செய்வான் என்று எதிர்பார்த்து அனுப்பாதீர்கள். அந்தச் சட்டை எல்லா மக்களுக்கும் பொது. ஆனால் புகார் கொடுக்க வரும் ஏழைத் தாய், எந்தச் சமயத்தவரானாலும், நடுங்காமல் பேசும்படி “உட்காருங்கம்மா” என்று சொல்ல ஒரு நல்ல பிள்ளை அங்கே தேவை. அந்தப் பிள்ளை நம் வீட்டிலிருந்தும் போகலாம். மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம்.

நாங்கள் செய்யக்கூடியதைச் செய்கிறோம். நம் வளாகத்தில் கயிறு கட்டுகிறோம். சுப்ஹு தொழுகை முடிந்ததும் ஓட்டப் பயிற்சி. மாலையில் தமிழும் பொது அறிவும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். சான்றிதழ் திருத்தத்துக்கு அலுவலகத்தில் உதவி உண்டு. பெற்றோர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதிகாலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புங்கள். தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பெயர் கொடுங்கள்.