வளவுக்குள் இறங்க முன்னர்

கிளிநொச்சி நகரத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் முதலில் ஓடுவது சொந்த வளவுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் காணியில் மிதிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டபிறகே இறங்குங்கள். பற்றைக்கு நெருப்பு வைக்கவே கூடாது. மண்ணுக்குள் புதைந்த எறிகணை சூட்டில் வெடிக்கும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பிடுங்காதீர்கள், பிறகு வருகிற பிள்ளைக்கு ஆபத்து தெரியாமல் போகும். பழைய இரும்புக்குக் காசு கிடைக்கும்தான், அதற்காகப் பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள்.

கிணற்றுக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். அதைப் பார்த்து முடித்து, இறைத்து, குளோரின் போட்டபிறகுதான் குடிக்கலாம். அதுவரை பவுசர் தண்ணீர்தான்.

உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். வன்னியில் பலருடையது அனுமதிப்பத்திரக் காணி; அவர்கள் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். முகாமில் தந்த பதிவுத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.