மாறி ஏறிய இடங்கள்
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்த விழாவுக்கென்று இரண்டு மூன்று விமானம் மாறி வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அவிசாவளையில் பஸ் மாறி வந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் இன்றைய பேச்சை மாறி ஏறும் இடங்களைப் பற்றியே வைத்துக்கொண்டோம்.

சுவிஸில் வாழும் நம் சகோதரிகளுக்கு பாசெல் விமான நிலையம் நன்றாகத் தெரியும். பாசெல், முல்ஹவுஸ், ஃபிரைபேர்க் என்று மூன்று நாட்டு நகரங்களின் பெயரை அது தாங்கியிருக்கிறது. 1949இல் சுவிஸும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இரண்டு நாடுகளும் சேர்ந்து அதை நடத்துகின்றன. நிலம் முழுவதும் பிரான்சுடையது. ஆனால் கட்டடத்துக்குள் சுவிஸ் பக்கம் ஒன்று, பிரெஞ்சுப் பக்கம் ஒன்று. சுவிஸ் வாசலால் வெளியே வந்தால் 50ஆம் இலக்க பஸ் பாசெல் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். மற்ற வாசலால் வந்தால் பிரான்சில் நிற்போம்.

இப்போது வாசல் மாறிப் போனாலும் பெரிய தொல்லை இல்லை. உள்ளேயே மறுபக்கம் போகலாம். 2008 டிசம்பரில் சுவிஸ் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்த பிறகுதான் இந்த வசதி வந்தது. அதற்கு முன் சுவிஸ் வீசா பிரான்சுக்குச் செல்லாது. நம்முடைய கடவுச்சீட்டை வைத்திருப்பவர் எந்த வாசல் என்று இரண்டு முறை பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். வெவ்வேறாக எடுத்த இரண்டு டிக்கட்டில் மாறி ஏறுகிறவர்கள் இன்றைக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. நாமே எடுத்து, மறுபடி பதிந்து ஒப்படைக்க வேண்டும்.

ஒரு நாட்டின் மண்ணில் இன்னொரு நாட்டின் வாசல் இருப்பது புதுமை என்று நினைக்கிறோம். நம் பாட்டிமாருக்கு அது புதுமை அல்ல. இராமேஸ்வரத்துக்கு இப்பால் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. இந்திய மண்ணில் இலங்கையின் வாசல் அது. "மண்டபம் கேம்பு" என்று நம் லயங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. நம் சங்கம் பிறந்த காலத்தில் கோச்சி, கப்பல், கோச்சி என்று அந்தப் பயணம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. சப்ரகமுவவுக்கு வந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாற்றம் இருந்தது. தென்னிந்தியாவில் மீட்டர் பாதை. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு அகலப் பாதை. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, ஓப்பநாயக்கா வரைக்கும் களனிவெளிக் குறும்பாதை. மூன்று அளவுத் தண்டவாளமும் ஒரு கப்பலும் மாறி ஏறித்தான் நம்மவர்கள் இரத்தினபுரித் தோட்டங்களுக்கு வந்தார்கள். அந்தக் குறும்பாதை இன்றில்லை. இருக்கும் பாதை அவிசாவளையோடு நின்றுவிட்டது.

வசதியுள்ள பயணி மண்டபத்தில் நிற்காமல் அதே கோச்சியில் கப்பலடிக்குப் போனார். தோட்டத்துக்கு வந்தவர்களை இறக்கி, நாட்கணக்கில் வைத்திருந்து, அம்மை குத்தி, உடுதுணிக்குக் கிருமி நீக்கித்தான் அனுப்பினார்கள்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இதை இரண்டு பக்கமும் பார்க்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டுபோனார்கள். வாந்திபேதிக் கிருமி உடலில் புகுந்தால் ஐந்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். ஆகவே சில நாள் தங்கவைத்துப் பார்ப்பதில் நியாயம் இருந்தது. அம்மை குத்தியது உயிர் காத்தது. ஆனால் கிருமி முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு பார்ப்பதில்லை. தங்கவைத்தவர்கள்தான் வகுப்புப் பார்த்தார்கள்.

அந்த வாசலைத் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளிடம் 1948இல் கடுதாசி கேட்டார்கள். அந்த வருடப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தேயிலையும் இறப்பரும் நட்டதற்கு மலை சாட்சி இருந்தது. பிறந்ததற்குப் பதிவு பலரிடம் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள்.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடியது. நம் உறவுகளை ஏற்றிப் போன கோச்சிக்கு மலையகம் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தது. அக்கா ஒரு பட்டியலில், தங்கை மறு பட்டியலில் இருந்த வீடுகள் எத்தனையோ. போனவர்கள் இறங்கிய இடமும் அதே மண்டபம்தான். அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போய் மறுபடி தேயிலைக் கொழுந்தே பறித்தார்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் நம் பகுதித் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்களும் உண்டு. 1984இல் கப்பல் நின்றது. மண்டபம் அகதி முகாம் ஆயிற்று. 2022 நெருக்கடியில் படகேறிப் போனவர்களையும் அங்கேதான் தங்கவைத்தார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் தீர்ந்தது. கடுதாசிப் பிரச்சினை தீரவில்லை. கிளினிக்கில் தினமும் பார்க்கிறோம். தாயின் அடையாள அட்டையில் ஒரு பெயர், கர்ப்பிணிப் பதிவில் இன்னொரு பெயர். அப்பாவின் பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது ஓரெழுத்து மாறியிருக்கும். அதை மறுபடி தமிழுக்குக் கொண்டுவரும்போது இன்னோர் எழுத்து மாறியிருக்கும். பல்கலைக்கழக அனுமதி வரும்போதோ, கடவுச்சீட்டு எடுக்கும்போதோ அந்த ஓரெழுத்து பிள்ளையை வாசலில் நிறுத்திவிடும்.

ஆகவே நூற்றாண்டுச் சங்கத்திடம் இரண்டு விடயம் கேட்கிறோம்.

ஒன்று, தேசிய அடையாள அட்டைக்கு மாணவிகளின் விண்ணப்பம் பாடசாலை வழியாகத்தான் போகிறது. அதற்கு முன் வருடம் ஒருநாள், பழைய மாணவியரில் சட்டத்தரணிகளும் அரசாங்க உத்தியோகத்தர்களும் வந்து, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை சிறியது. தோட்டத்துத் தாய்க்கு அது பல நாள் சம்பளத்தையும் பல பஸ் பயணத்தையும் மிச்சப்படுத்தும்.

மற்றது, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், மண்டபத்தில் எத்தனை நாள் இருந்தார்கள், ஒப்பாரிக் கோச்சியில் யார் போனார்கள், போனவர்களின் கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது. பழைய பாஸ்போட், பற்றுச்சீட்டு, படம் எது இருந்தாலும் பிரதி எடுத்து நூலகத்துக்குத் தாருங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் பேத்திமார் ஒருநாள் இந்தப் பெயர்களைத் தேடி வரலாம். இங்கே இருக்கும் பேத்திமாரும் தேடுவார்கள். கப்பல் ஏறிய வயதை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது மிகச் சிலரே. அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம்.

சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் சகோதரிகளே, வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது இந்தக் கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். திரும்பும் பயணம் நல்லபடி அமையட்டும்.