கிடங்கில் நடந்து செல்வோர் கவனத்திற்கு



சம்பா அறுவடை வந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை எங்கும் இரவு பகலாக நெல் மூட்டை நகர்கிறது. சுமை தூக்குவோரில் நம் பிள்ளைகளும் உண்டு. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய்க் கிடங்கு வேலை பார்ப்போரும் உண்டு. ஆகவே ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

இந்த வண்டி கார் போலத் திரும்பாது. இதற்குப் பின்சக்கரம்தான் திரும்பும். முன்பக்கம் வளையும்போது பின்பக்கம் வெளியே வீசும். ஓரமாக நிற்பவரைச் சுவரோடு நசுக்குவது அந்தப் பின்பக்கமே. முன்னால் சுமை உயர்ந்திருந்தால் ஓட்டுநருக்கு வழி தெரியாது. வண்டி நம் கண்ணில் படுகிறது என்பதால், நாம் அவர் கண்ணில் படுகிறோம் என்று எண்ணக் கூடாது.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, நம்மைப் பார்த்துக் கை காட்டிய பிறகே கடப்போம். தூக்கிய சுமைக்கு அடியில் போக மாட்டோம். சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துவோம்.

கிடங்கும் ஆலையும் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஞ்சள் கோடு வண்டியைத் தடுக்காது. நடப்போருக்கு இரும்புத் தடுப்புடன் தனி வழி கொடுங்கள். பயிற்சி இல்லாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர், நின்றால் நஷ்டம் என்று ஓடுவார். அவர் நின்று கடக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கிடங்கின் பாதையும் அதில் சேரும்.

வேலைக்குப் போன ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.