முதல் தவணையின் தரம் முடிவு வரை தொடரும்



நம் பிள்ளைகளுள் சிலர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர்ப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து பொறியியல் டிப்ளோமா பயிலுகின்றனர். 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் தொடங்கப்பெற்றது முதல் நம் நாட்டில் இவ்வழி திறந்திருக்கின்றது. டிப்ளோமாவோடு நின்றுவிடாமல், அங்கிருந்து பல்கலைக்கழகம் சென்று பொறியியல் பட்டம் பெறவும் இயலும். ஆயினும், அந்த இரண்டாவது வாயிலில் இடம் கிடைக்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது டிப்ளோமாவில் பெற்ற தரமே ஆகும். இதனைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

“பிள்ளை தேறிவிட்டான், அது போதும்” என்று நாம் மகிழ்கின்றோம். தேர்ச்சி வேறு, தரம் வேறு. ஏ தரத்துக்கு 4 புள்ளி, பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2 என்று கணக்கிட்டு, எல்லாத் தவணைகளையும் சேர்த்து ஒரு சராசரி காண்கின்றனர். சி.ஜி.பி.ஏ. என்று பிள்ளைகள் கூறுவது இதுவே.

இக்கணக்கின் முறை நமக்குப் புதியதன்று. நாம் கொண்டுவரும் பாலை நிறுக்கும்போது எடையை மட்டுமா பார்க்கின்றனர்? அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும் பார்த்தன்றோ கணக்கெழுதுகின்றனர்! அதுபோலவே ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கிரெடிட்’ என்னும் கனம் உண்டு. 3 கிரெடிட் கணிதத்தில் சி தரமும், 1 கிரெடிட் பாடமொன்றில் ஏ தரமும் பெற்ற மாணவனின் சராசரி 3 அன்று, 2.50 மட்டுமே. கனமான பாடத்தில் சறுக்கினால், எளிய பாடம் அதனை ஈடு செய்வதில்லை.

மற்றொன்றையும் கருதுவோம். கனம் சமமான ஐந்து தவணைகள் எனக் கொள்வோம். முதல் தவணையில் 2.00 பெற்றவன் இறுதியில் 3.00 சராசரி அடைய, எஞ்சிய நான்கிலும் 3.25 பெற வேண்டும். முதல் இரண்டிலும் 2.00 பெற்றிருந்தாலோ, எஞ்சிய மூன்றிலும் ஏறத்தாழ 3.67 பெற வேண்டும். பட்டையில் ஆழமாகப் பதிந்த வெட்டு ஆறிய பின்னும் அவ்விடம் முண்டும் முடிச்சுமாக நிற்பதை நாம் அறிவோம். முதல் தவணையின் தளர்ச்சியும் அத்தகையதே.

பல்கலைக்கழகம் அறிவிக்கும் குறைந்தபட்சப் புள்ளி, மனுச் செய்வதற்குரிய தகுதியே அன்றி, இடத்துக்கு உறுதி அன்று. இடங்கள் சில, மனுக்கள் பல. அங்கே உயர்ந்த சராசரி உடையவரே முந்துவர். மேலும், டிப்ளோமாவில் படித்த பாடத்தைப் பட்டப்படிப்பில் மீண்டும் படிக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டுமாயின், அப்பாடத்தில் சி தரத்துக்குக் குறையாமல் பெற்றிருத்தல் வேண்டும். பாடப்பொருளும் 80 விழுக்காடேனும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வாறு சேரும் ஒவ்வொரு பாடமும் நமக்குக் காலத்தையும் கட்டணத்தையும் மிச்சப்படுத்தும்.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? தவணைதோறும் தேர்வு முடிவுத் தாளை வாங்கிப் பார்ப்போம்; எழுத்துப் புரியாவிடினும், சராசரி ஏறியதா இறங்கியதா என்று கேட்போம். குடும்பச் செலவுக்கு உதவ வேண்டி வார இறுதிகளில் கூலி வேலைக்குச் செல்லும் பிள்ளையை, முதலாண்டிலேனும் அச்சுமையினின்று விடுவிக்க முயல்வோம். கணிதம் விளங்கவில்லை என்றால் தேர்வு வரும்வரை காத்திராமல், முதல் மாதத்திலேயே விரிவுரையாளரை அணுகச் சொல்வோம். சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டறியச் செய்வோம். பாடத்திட்ட ஏடுகளையும் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வோம்.

சராசரி தாழ்ந்துவிட்ட பிள்ளையைக் கடிந்து ஒதுக்குதலும் தவறாகும். அடுத்த தவணையில் அவன் ஏறலாம். பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் போன்ற பிற கிளைகளும் உள்ளன. ஆயினும், ஏறுவதற்குரிய காலம் தவணைதோறும் குறைகின்றது என்பதை அவனும் நாமும் மறத்தலாகாது.

விடியுமுன் எழுந்து பால் வெட்டி நாம் ஈட்டும் பொருளில் பிள்ளையைப் படிக்க வைக்கின்றோம். “தேறினாயா?” என்று கேட்பதோடு நில்லாமல், “எப்படித் தேறினாய்?” என்றும் முதல் தவணையிலேயே கேட்போமாக.