லாரிக்காரன் கேட்கும் உதவி
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாமக்கல்லிலிருந்து முப்பது ஆண்டுகள் வடநாட்டு நடை போன லாரி ஓட்டுநன் நான். எங்கள் பிழைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லப் பணித்தார்கள்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி நேரமே வேலை என்றது; 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வும் தரச் சொன்னது. சாலையில் அதை நான் கண்டதில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைச் சாவடிகளில் காத்துக் கிடப்பது பெரிதும் குறைந்தது. கிடங்கு வாசலில் காத்துக் கிடப்பதுதான் தீரவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு கிடங்கில் மூன்று நாள் லோடு இறக்காமல் நிறுத்தினார்கள். குளிக்கத் தண்ணீர் இல்லை. கழிப்பறைக்கும் காவலாளி விடவில்லை. வண்டி நின்றால் எங்கள் வருமானமும் நின்றுவிடும். இழந்த நாளை ஈடுகட்ட, திரும்பும் நடையில் கிளீனரும் இல்லாமல் இரவெல்லாம் ஓட்டினேன். விடியற்காலை கண் சொக்கி, வண்டி சாலையோர மண்ணில் இறங்கிவிட்டது. எதிரே எவரும் வராததால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் பங்கில் கடை வைத்திருப்போர், ஆலை நடத்துவோர் இருக்கிறீர்கள். உங்கள் வாசலுக்கு லாரி வந்தால் சீக்கிரம் இறக்கி அனுப்புங்கள். ஒரு வாளித் தண்ணீரும், படுக்க நிழலும் கொடுங்கள். அதனால் ஓர் உயிர் வீடு சேரும்.