கட்டளைக்குப் பதில் இல்லை

 

வானொலி அலையால் இயங்கும் பொம்மை விமானத்தைத் திடலில் பறக்கவிடுவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கையிலே ஒரு பெட்டி. அதிலுள்ள குச்சியைத் தள்ளினால் அலை கிளம்புகிறது. விமானத்துக்குள் இருக்கும் சின்னக் கருவி அதை வாங்கி, வாலையும் இறக்கையையும் அசைக்கிறது. நூல் இல்லாத காற்றாடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் உள்ளே பேட்டரி செத்தால், ஒரு கம்பி விட்டுப்போனால், போச்சு! கீழே நிற்கும் பையன் குச்சியை எப்படித் திருப்பினாலும் அது கேட்காது. செம்பனைக் காட்டுக்கு மேலே போய் மறைந்துவிடும். அப்பா கொடுத்த காசும் அதோடு சரி.

இதே கதை நிலாவிலும் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2008 அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 விண்கலம் புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி என்ற கிராமத்துக்காரர். பள்ளிப் படிப்பைத் தமிழிலே படித்தவர். தமிழ்ப் பள்ளியில் படித்து என்ன ஆகப் போகிறது என்று கடைத்தெருவில் கேட்கிறார்களே, அவர்கள் காதிலும் இது விழட்டும்.

பொம்மை விமானத்துக்கும் அதற்கும் தூரம்தான் பெரிய வேற்றுமை. பெங்களூருக்கு அருகே 32 மீட்டர் அகலமுள்ள கிண்ண வடிவ ஏரியல். அங்கிருந்து நிலாவுக்குச் சுமார் 384,000 கிலோமீட்டர். கட்டளை போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும்.

அந்தக் கலம் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறியும். 2009இல் அந்தக் கருவிகள் கெட்டுப்போயின. கண் போன மாதிரி! ஏணி வைத்து ஏறிப் பழுது பார்க்கவா முடியும்? கீழே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கலத்திலிருந்த ஜைரோஸ்கோப்பு, ஏரியல் பூமியை நோக்கும் கோணம், நிலவில் தெரிந்த இடங்களின் படங்கள், இவற்றை வைத்துத் திசையைக் கணித்தார்கள். விடியுமுன் பால் வெட்டப் போனவர்களுக்குத் தெரியும்: நெற்றி விளக்கு அணைந்தால் காலாலே தடம் பார்த்துத்தான் நடக்கவேண்டும். அப்படி நடத்தினார்கள். மே மாதத்தில் சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200க்கு உயர்த்தவும் செய்தார்கள். ராக்கெட் கிளம்பிய நாளைவிட இந்த மாதங்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

ஆகஸ்டு 29, பின்னிரவு 1.30 மணி. தொடர்பு அறுந்தது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. எதிர்பார்த்ததைவிடக் கடுமையான வெப்பம் மின்சாரம் வழங்கும் பகுதியைக் கெடுத்திருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு ஆண்டு உழைக்க வேண்டிய கலம் 312 நாளில் ஊமையாயிற்று.

ஆனால் அதற்குள் நிலவை 3,400 தடவைக்கு மேல் சுற்றி, 70,000க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பிவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை; செப்டம்பர் 24ஆம் நாள், அதில் பொருத்தியிருந்த அமெரிக்கக் கருவி திரட்டிய விவரங்களைக் கொண்டு, நிலவின் மண்ணில் நீர் மூலக்கூறுகள் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது அனுப்பியது, போன பிறகு பேசிற்று!

இன்னொன்றும் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் அளவே உள்ள அந்தப் பெட்டியை, பூமியிலிருந்து ராடார் அலை வீசித் தேடிப் பார்த்தார்கள். 2017 மார்ச்சில் செய்தி வந்தது. கட்டளை கேட்காமல், பதில் சொல்லாமல், அதே 200 கிலோமீட்டர் உயரத்தில் அது நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.