நுகத்தடியில் பிறந்த சொல்



நான் ஆசிரியத் தொழிலில் புகுந்த புதிதில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உழவைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதுமாறு பணித்தேன். குடியானவர் வீட்டுப் பையன் ஒருவன், தன் தந்தையார் காளைகளை ஏரில் ‘ஜாயின்’ செய்கிறார் என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்து, மேலே ‘யோக்’ என்று எழுதினேன். அதோடு நின்றேனா? அந்த வாக்கியத்தை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வழக்கு நோக்கில் என் திருத்தம் சரியே. ஆனால் அவ்விரு சொற்களின் பூர்வோத்திரத்தை நான் அன்று அறியேன்.

‘யோக்’ என்பது நுகத்தடி. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இலத்தீனில் நுகத்தடிக்கு ‘யுகும்’ என்று பெயர். பூட்டுதல், இணைத்தல் என்பதற்கு ‘யுங்கெரெ’. இந்த வினை பிரெஞ்சில் வழங்குகையில் முதலில் நின்ற யகரம் ஜகரமாயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அங்கே பெருகின. அவ்வழியே வந்ததுதான் ‘ஜாயின்’. ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவர், ஒருவர் உள்ளூரில் வளர்ந்தார், ஒருவர் அயலூர் சுற்றி வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சம்ஸ்கிருதத்தின் ‘யுஜ்’ என்னும் தாதுவும், அதிற்பிறந்த ‘யோகம்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்தனவே. சம்ஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் பேசியது நீங்கள் படித்திருக்கக்கூடும். உயிரியலில் வரும் ‘சைகோட்’ கிரேக்கக் கிளை. ரயில் ‘ஜங்ஷன்’ இலத்தீன் கிளை. நியாயஸ்தலத்தார் பிறப்பிக்கும் ‘இன்ஜங்ஷன்’கூட ஒருவர்மேல் கட்டளையைப் பூட்டுவதே.

இக்குடும்பத்தில் கசப்பான சொல் ஒன்று உண்டு. பகைவரைத் தோற்கடித்தால் அவரை நுகத்தின்கீழ் நடக்கச் செய்வது பழைய இத்தாலியர் வழக்கம். இரண்டு ஈட்டிகளை நட்டு, குறுக்கே ஒன்றைக் கட்டுவர். தோற்றவன் ஆயுதமிழந்து, தலை குனிந்து, அதனடியில் செல்ல வேண்டும். கி.மு. 321இல் காடியம் கணவாயில் சாம்னியரிடம் சிக்கிய ரோமப் படை முழுவதும், தலைமை வகித்த கான்சல்கள் இருவர் உட்பட, அரைகுறை ஆடையோடு அப்படி நடந்தது. உயிரெல்லாம் தப்பியது, எனினும் ரோமர் அந்நாளை நெடுங்காலம் மறக்கவில்லை. அடிமைப்படுத்துதலைக் குறிக்கும் ‘சப்ஜுகேட்’ என்ற சொல்லில் இன்றும் அந்த நுகம் இருக்கிறது. இணைப்பைச் சொல்ல வந்த அதே மரத்துண்டுதான் இதற்கும் பயன்பட்டது.

இவற்றையெல்லாம் நான் அறிந்தது பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு விடுமுறையில் பெரிய அகராதி ஒன்றைப் புரட்டியபோது. காளை பூட்டும் காரியத்திற்கு அந்தப் பையன் எழுதிய சொல், பிறந்த இடத்திற்கே திரும்பியிருந்தது. அவனை அழைத்துச் சொல்லலாம் என்றால், அவன் படிப்பு முடிந்து பள்ளியை விட்டுப் போய் வெகு காலமாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பின் அவன் என் வகுப்பில் கை உயர்த்தியதாக எனக்கு நினைவில்லை.